சந்தனம் வைத்த டிஸ்க்குகள்

எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூஜையில் தம்புராவுக்குப் பக்கத்தில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் உட்காரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கணினியைப் பிடித்து, லினக்ஸ் போட்டு, வீட்டுக்கென்று ஒரு சேமிப்புக் கிடங்கு அமைத்தேன். மயிலாப்பூர் ஃபிளாட்டில் இரண்டு பேருக்கு எதற்குக் கிடங்கு என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டு அலுத்துவிட்டாள்.

ஒரு டிஸ்க்கில் அவள் பாட்டு. அவள் பாட்டு வகுப்பு நடத்துகிறவள். பல வருஷமாக அவள் பாடியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தேன். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. மேல் ஸ்தாயியில் அநாயாசமாக நின்ற அந்தப் பழைய குரல் அந்த டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை. இன்னொரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் இருந்தேன்.

மற்ற டிஸ்க் குடும்பப் படங்களுக்கு. கணினியில் இருக்கும் படங்கள் தினமும் பிற்பகல் மூன்று மணிக்குத் தானாகவே அதில் நகலாகும். ஏற்பாடு ரொம்பக் கறார். படம் தவிர வேறு எது அங்கே இருந்தாலும் குப்பை என்று துடைத்துப் போட்டுவிடும். அப்படி எழுதி வைத்தவன் நான்தான். சுத்தம் சோறு போடுமாமே!

பூஜைக்கு முதல் நாள் இரண்டையும் கழற்றி அவளிடம் கொடுத்தேன். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாள். 'பாட்டு', 'படம்' என்று நான் ஒட்டியிருந்த சீட்டுகள் துணியோடு போய்விட்டன. விஜயதசமி காலை புனர்பூஜை முடிந்ததும், அச்சு அசல் ஒரே மாதிரி இருந்த இரண்டையும் கைக்கு வந்தபடி செருகினேன். எது எது என்று கணினிக்குத் தெரியாதா என்ன?

தெரியவில்லை. டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி, முதலில் கண்ணில் பட்டதைப் பாட்டு என்றும் அடுத்ததைப் படம் என்றும் அது எடுத்துக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் புதிதாகச் சேரும் குழந்தைகளுக்கு அவளுடைய பழைய ஆலாபனை ஒன்றைப் போட்டுக் காட்டலாம் என்று, மதியம் ஹாலில் உட்கார்ந்து ஃபோனில் பாட்டுப் பகுதியைத் திறந்தேன். பைரவி இருக்க வேண்டிய இடத்தில் என் அக்கா பேரன் மொட்டைத் தலையோடு சிரித்தான். அப்படியானால் பாட்டு டிஸ்க் படத்தின் இடத்தில் இருக்கிறது. கடிகாரம் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றடித்தால் பாட்டெல்லாம் குப்பையாகிவிடும்.

ஓடிப்போய் இரண்டு கேபிளையும் பிடுங்கினேன். வழியில் சுண்டல் பாத்திரம் உருண்டது.

"ஏன்னா, என்ன ஓட்டம் இது? சுண்டல் என்ன பாவம் பண்ணித்து?"

"உன் குரல் போயிருக்கும்டி!"

"அது போய்த்தான் ரொம்ப நாளாச்சே" என்று சொல்லிக்கொண்டே அவள் சுண்டலைப் பொறுக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் அதற்கே உரிய ஒரு நீள அடையாள எண் இருக்கிறது. அந்த எண்களைப் பார்த்துப் பார்த்துக் கணினியின் அமைப்பில் எழுதினேன். இனி எதில் செருகினாலும் பாட்டு பாட்டின் இடத்துக்குத்தான் வரும். படத்தின் எண் தென்படாவிட்டால் நகலெடுக்கும் பேச்சே கிடையாது. மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். ஏமாறவே இல்லை. மீசை இருந்திருந்தால் முறுக்கியிருப்பேன்.

"வந்து பாரு, எல்லாம் பத்திரம்" என்று அவளைக் கூப்பிட்டேன்.

பைரவியைக் கொஞ்சம் கேட்டாள். "இங்க அவசரப்பட்டிருக்கேன்" என்று தன்னையே திருத்தினாள். பிறகு பட்டியலின் கடைசிவரை போய்ப் பார்த்தாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் பாடினதெல்லாம் எதுல இருக்கு?"

எதிலும் இல்லை. நான் எடுக்கவே இல்லை.

"ஆத்துல தினம் பாடிண்டுதானே இருக்கேன்?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. மைக்கைத் தேடி எடுத்துவந்தேன். அதற்குள் அவள் தம்புராவை மடியில் சாய்த்து, இப்போது அவளுக்குச் சரிப்படுகிற நாலு கட்டைக்குச் சுருதி சேர்த்திருந்தாள்.

"இருமல் வந்தா அதையும் சேத்தே எடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.