கயிறு கை மாறிய நாள்

கருப்பையா, தையல்கார மாணிக்கம், நான். சமஸ்தானத்தில் மழை பொய்த்த வருஷம், எங்கள் ஊர்ச் சேவா சங்கத்திலிருந்து பொதுக்கிணறு தூர்வாரப் போனது நாங்கள் மூவர்தான். இடுப்பில் கயிறு கட்டிக் கருப்பையா இறங்குவான்; மேலே பிடிப்பவன் எப்போதும் நான். அன்று கயிற்றை, புதிதாகச் சேர்ந்த மாணிக்கத்திடம் கொடுத்தான்.

“ஏன், எங் கைக்கு என்ன வந்துச்சு?” என்றேன்.

“அவரும் பழகட்டும்டா. நீ செத்த அங்கிட்டு உக்காரு.”

எனக்கு வயிறு எரிந்தது. ஒதுங்கி உட்கார்ந்து மாணிக்கத்தின் கையையே முறைத்துக்கொண்டிருந்தேன். கருப்பையா பாதி இறங்கும்போது, மேலே மாணிக்கத்தின் கால், முன்பு அள்ளிக் கொட்டிய சேற்றின் ஈரத்தில் வழுக்கியது. கயிறு கையைவிட்டு ஓடியது. பாய்ந்து பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

மேலே வந்த கருப்பையா, “எப்புடிடா அம்புட்டு வெரசாப் புடிச்ச?” என்றான்.

“அந்தக் கையத்தான பாத்து வெந்துக்கிட்டிருந்தேன்.”

மாணிக்கம்தான் முதலில் சிரித்தார்.

இப்போது கருப்பையா இறங்கினால், நானும் மாணிக்கமும் சேர்ந்தே கயிறு பிடிக்கிறோம். ஒரு கயிற்றுக்குக் கை நான்கு.