ஷெர்லின் வாய் திறக்காத இரண்டு மாதம்

ஆற்றங்கரையில் நாங்கள் பதினோரு வீடு. ஷெர்லின் நாகர்கோவில் பக்கத்திலிருந்து எங்கள் ஜீவானந்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சரியான வாயாடி. துறையில் அவள் கதை பேச ஆரம்பித்தால், கேட்பதற்காகவே துவைத்த துணியைத் திரும்பத் துவைப்போம். அவள் மகள், நான்கு வயது ஜாஸ்மினும் அப்படியே அம்மாவின் நாகர்கோவில் பேச்சுதான்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. மறுநாளிலிருந்து ஊர் ஊராகப் போலீஸ். வெளியாள் யார், இலங்கைத் தமிழ் பேசுகிறவர் யார் என்று விசாரணை. இலங்கைத் தமிழ் எப்படியிருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஷெர்லின் பேச்சு எங்கள் பேச்சு இல்லை என்று மட்டும் தெரியும். அது போதாதா?

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் யாரோ ஜீவானந்தத்திடம், "உன் சம்சாரம் அந்தப் பக்கத்து ஆளா?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு ஓடி வந்தவன், இனி வாயே திறக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டான். அவள் ஊர்ச் சர்ச்சில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டைக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். பயத்தில் யாருக்குப் புத்தி வேலை செய்கிறது? நாங்களும் ஒத்துக்கொண்டோம். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டோம். எங்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவார்களோ என்பதுதான் நிஜம். ஓலைத் தட்டி வழியாக வெளியே கேட்கும் என்று வீட்டுக்குள்கூட அவள் பேசவில்லை. குழந்தை பகலெல்லாம் எங்கள் வீடுகளில் கிடந்தது.

ஒரு காலையில் ஜீப் வந்தது. வற்றிய ஆற்றில் ஊற்று தோண்டிக்கொண்டிருந்த நாங்கள் அப்படியே நின்றோம். கான்ஸ்டபிள் ஷெர்லினிடம் பெயர் கேட்டார். பக்கத்து வீட்டு மீனம்மாள் முந்திக்கொண்டாள்.

"அது ஊமை சார். பொறந்ததுலேர்ந்தே பேச்சு வராது."

ஜாஸ்மின் ஏதோ சொல்ல வாயெடுத்தது. குழந்தையை வாரிக்கொண்டு புதருக்குப் பின்னால் ஓடினேன். அம்மா பேசினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அதன் காதில் நான்தான் சொன்னேன். ஊமை என்று நம்பி ஜீப் போய்விட்டது.

ஆடி பிறந்தது. விசாரணை எங்கள் பக்கம் ஓய்ந்தது. இனிப் பேசு என்று ஜீவானந்தம் சொன்னான். எல்லோரும் அவள் வாசலில் கூடினோம். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளையை அவள் ஊரில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

"மக்களே, இங்க வா."

ஜாஸ்மின் ஓடிவந்து அவள் வாயை இரண்டு கையாலும் பொத்தியது.

"பேசாதம்மா. போலீசு புடிச்சினு பூடும்."

அது எங்கள் பேச்சு. பெற்றவள் பேச்சிலிருந்து ஒரு சொல்கூட அதில் இல்லை.