ப்யூரிட்டன் வீட்டில் ஒரு ராஜபாளையத்து மெர்சி

என் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் பார்ப்பவர்கள் தினமும் கேட்கிறார்கள்: "மெர்சி என்பது ப்யூரிட்டன் பெண்களின் பெயராயிற்றே, வேஷத்துக்கு வைத்ததுதானே? உங்கள் உண்மைப் பெயர் என்ன?" ராஜபாளையத்தில் எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரே அதுதான் என்றால் சிரிக்கிறார்கள். எங்கள் சர்ச்சில் மெர்சி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை இவர்களுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பதினேழாம் நூற்றாண்டில் ப்யூரிட்டன் குடும்பம் ஒன்று வாழ்ந்த பழைய வீட்டைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. அதற்காகவே இந்த நீளப் பாவாடையும் வெள்ளைத் துணித் தொப்பியும்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்து அரசனின் திருச்சபை போதிய அளவு சுத்தமில்லை என்று கப்பலேறி வந்த குடும்பம் இது. இங்கே ஏற்கெனவே பயிர் செய்துகொண்டிருந்த மக்களின் நிலத்தில் வேலி போட்டுவிட்டு, ஆண்டவர் தந்தது என்றார்கள். அங்கே அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டதும், மூத்த மகன் அரசனை எதிர்த்துச் சண்டை போடத் திரும்பிப் போனான். இளையவன் இங்கே வேலியை இன்னும் தள்ளிப் போட்டான். போனவன் வரவேயில்லை. வாய் வலிக்க இதைச் சொல்லி முடித்தால், அவன் தாய் என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கழிப்பறை எங்கே என்பார்கள்.

நான் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் "போறேன்மா" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "போறேன்னு சொல்லாதட்டி, வாரேன்னு சொல்லு." அன்றிலிருந்து போனை வைக்கும்போதும் "வாரேன்மா" என்பதே வழக்கமாகிவிட்டது. ஆனால் கிரீன் கார்டு மனு முடியுமுன் இந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் மனு ரத்தாகிவிடும். அம்மாவுக்கோ நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது. நான் போய்ச் சேருவதற்குள் என்னை மறந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை காலை, வீட்டைத் திறக்கும் நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். அங்கே அப்போது இருட்டத் தொடங்கியிருக்கும்.

"ஏட்டி, நேத்து வாரேன்னு சொல்லிப் போனை வச்சேல்ல? அம்மா அத நெசம்னு நெனச்சுட்டா. நல்ல சேலையக் கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கா. வரலன்னு நீயே சொல்லிரு."

போன் அம்மாவிடம் போனது.

"மதுர பஸ்லதான வார? சீவில்லிபுத்தூர் தாண்டிட்டியா?"

வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தாண்டிட்டேன்மா."

"அப்ப ஒலை வைக்கச் சொல்லுதேன்."

வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. தொப்பியைச் சரிசெய்து கதவைத் திறந்தேன். வேலையில் சேர்ந்தபோது மனப்பாடம் செய்வித்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.