அம்மாவைக் கேட்காமல் கொடுத்தது

என் பெயரும் ஒரு தேதியும் உள்ள எந்தத் தாளையும் என் அம்மா ஹெர்மீனியா தூக்கிப் போட்டதில்லை. தடுப்பூசி அட்டை, நூலக அட்டை, பள்ளி மதிய உணவுப் படிவம், பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, ஒன்றாம் வகுப்பில் நான் வரைந்த வான்கோழி. வான்கோழியின் பின்பக்கத்தில் ஆசிரியையிடம் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தாள். எல்லாம் ஒரு நீல நிற பிளாஸ்டிக் கோப்பில், ஆண்டு வரிசையில்.

எனக்கு நான்கு வயதாக இருந்தபோது ஹிடால்கோவிலிருந்து எல்லை தாண்டி என்னைக் கூட்டி வந்தவள் அவள். இங்கே டெல்மோர் ஊரில் மாட்டிறைச்சி ஆலை இருந்தது, வேலை இருந்தது. என்றாவது ஒருநாள் அரசாங்கம், "இந்தப் பெண் இத்தனை வருடமும் இங்கேதான் இருந்தாளா?" என்று கேட்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்கவும் செய்தது. சிறுவயதில் வந்தவர்களுக்கு இரண்டிரண்டு ஆண்டாக வேலை அனுமதி என்று அறிவித்த வருடம், வக்கீல் அந்தக் கோப்பை அரைமணி நேரம் புரட்டிவிட்டு, "நானே உங்கம்மாகிட்ட வேலைக்குச் சேந்துடலாம் போலிருக்கு" என்றார். அந்த அனுமதியில்தான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. இன்று அதே ஊரில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை.

அந்தக் கோப்பில் அம்மாவின் தாள் ஒன்றுகூடக் கிடையாது. ஆலையில் அவள் ஹெர்மீனியாவே இல்லை. டெல்ஃபினா என்ற வேறொருத்தியின் பெயரிலும் அட்டையிலும் பதினேழு வருடமாகக் கொழுப்புச் சீவும் வரிசையில் நிற்கிறாள். காலையில் விரல்கள் மடங்காது. வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக மடக்குவாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சோளமாவில் அவித்த தமாலே விற்கும்போது யாராவது "ஹெர்மீனியா!" என்று கூப்பிட்டால் சில சமயம் திரும்பவே மாட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் சிறுவயதில் வந்த எங்கள் அனுமதியை நிறுத்தப்போவதாக மேலிடம் அறிவித்தது. என்னுடையது அக்டோபரில் முடிகிறது. செனட்டில் பேரம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் குடியுரிமை வழி, அதற்கு ஈடாக எல்லைச் சுவருக்குப் பணம். அதற்குமேல் இன்னொன்றும் கேட்கிறார்கள் என்று பேச்சு. இழுபறியில் இருந்த வாக்குகளில் ஒன்று எங்கள் மாநிலத்து செனட்டருடையது. ஊரிலிருந்து நான்கு பேரை வாஷிங்டனுக்குக் கூட்டிப்போக ரெனாட்டோ வந்தான். எங்களைப் போன்றவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பின் ஆள்.

எல்லோரும் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்துகொண்டு போக வேண்டும், அதுதான் வழக்கம். என் கறுப்பு அங்கியை அம்மா துணி விரித்து இஸ்திரி போட்டாள்.

"குஞ்சம் எந்தப் பக்கம் தொங்கணும்?"

"பட்டம் வாங்கியாச்சுல்லம்மா, இடது பக்கம்."

"அந்த மனுசன் கண்ணுக்குத் தெரியற பக்கமா விட்டுக்கோ."

பேருந்தில் ரெனாட்டோ கையில் கைபேசிக் கடிகாரத்தோடு எங்களைப் பழக்கினான். ஆளுக்கு இரண்டு நிமிடம். எப்போது வந்தாய், என்ன படித்தாய், என்ன வேலை செய்கிறாய். கடைசியில் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்: "என்னைக் கொண்டுவந்தார்கள். அதில் என் தவறு எதுவும் இல்லை."

"அந்த வரியை முழுங்காத பெலென். அங்கதான் அவங்க தலையாட்டுவாங்க" என்றான்.

"அப்ப தவறு யாரோடதுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. எல்லாரும் மரியாதை தெரிஞ்ச ஆளுங்க."

உடனிருந்த மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செனட்டரைப் பார்க்க முடியவில்லை. அவருடைய உதவியாளர், ஹென்ரிக்சன் என்ற இளைஞர், எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். என் முறை வந்தது. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. கடைசி வரியில் அவர் தலையாட்டவும் செய்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"நல்லா பேசினீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? நாளைக்கு நீங்க குடிமகள் ஆயிட்டா, உங்களைக் கூட்டிட்டு வந்தவங்க இங்க சட்டப்படி தங்க உங்க மூலமா விண்ணப்பிக்க முடியாதுன்னு ஒரு பிரிவு வைக்கச் சொல்றாங்க. என்னைக்குமே முடியாது. எங்காளு ஓட்டுப் போடணும்னா அது வேணும். உங்களுக்குச் சம்மதமா?"

பள்ளியிலிருந்தே கேள்வி என்று வந்தால் கை தூக்கிவிடுகிறவள் நான். கேட்டதும் சரியான பதிலைச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு. "யோசிக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். "அது என் அம்மா" என்று சொல்லியிருக்கலாம். எதிரே பேனா காத்திருந்தது. நியாயமான பெண் என்று அந்த மனிதர் நினைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"சம்மதம். அவங்க எடுத்த முடிவு அவங்களோடது" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். வெளியே நடைபாதையில் ரெனாட்டோ என் தோளைத் தட்டி, "பிரமாதம்" என்றான். ஊர் திரும்பியதும் அம்மா கேட்டாள், "என்ன கேட்டாங்க?" சும்மா, படிப்பைப் பற்றி என்றேன்.

ஒரு வாரம் கழித்து, பிப்ரவரியில், செனட்டர் அவையில் பேசினார். ஸ்பானியத் தொலைக்காட்சியில் அது மொழிபெயர்ப்போடு வந்தது. ஆலையின் சாப்பாட்டு அறையில் வந்தது. வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும் மூத்தவள் டோன்யா தொமாசா மறுநாள் பள்ளி வாசலில் பேரனைக் கூட்டிப்போக வந்தபோது என்னிடம் சொன்னாள்.

"'டெல்மோர் ஊர் டீச்சர் பெலென் என் அலுவலகத்துலயே வந்து சொன்னாங்க, கூட்டிட்டு வந்தவங்களுக்குப் பரிசு தரவேண்டாம்னு' அப்படின்னார் அந்தாளு. எங்க ஊர்ல எத்தனை பெலென் டீச்சர் இருக்காங்க, சொல்லு! எல்லாரும் உங்கம்மாவையே பாக்கறோம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்'னாங்க. சொல்லிட்டு பீன்ஸைத் தொட்டு ரொட்டியைத் தின்னாங்க. நீ நல்லா இரு மிஹா" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுவிட்டுப் போனாள். நல்லா இரு என்பதை அதற்கு முன் யாரும் எனக்கு அப்படிக் குத்தும்படி சொன்னதில்லை.

வீட்டில் அம்மா வெந்நீரில் கைகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பரிசுன்னு சொல்லவே இல்ல. அது அவரா சேத்துக்கிட்டது."

"அப்ப என்ன சொன்னே?"

சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை. அவள் கைகளை வெளியே எடுத்துத் துடைத்தாள்.

"சந்தையில ஒரு தமாலேவுக்கே நான் மூணு தடவை மாட்டேன்பேன், நாலாந்தடவைதான் விலை இறங்குவேன். அவன் கேட்டான், நீ கொடுத்துட்டே. பட்டம் வாங்கினவ!"

"தப்புதாம்மா."

"கொடுக்க வேண்டியதுதான். உனக்காகன்னா நானே கொடுத்திருப்பேன். ஆனா அது என்னோடதுடீ. ஒரு போன் பண்ணிக் கேக்க முடியாதா? கொண்டுவந்தாங்க, கொண்டுவந்தாங்கன்னு... நீ என்ன பார்சலா? வழியெல்லாம் அழுத. தண்ணி கேட்ட. பாட்டுப் பாடச் சொன்ன. நான் பாடினேன்."

அதற்குப் பிறகு நான்கு நாள் தனித்தனியாகச் சாப்பிட்டோம். சாப்பாடு மேசையில் இருக்கும். ரொட்டி மட்டும் சுட வைக்காமல் இருக்கும்.

வியாழக்கிழமை மதியம் வாக்கெடுப்பு. பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரம், வகுப்பறையில் கைபேசியில் பார்த்தேன். நூறில் அறுபது வாக்கு வேண்டும். எங்கள் செனட்டர் ஆதரித்து வாக்களித்தார்; அதற்காகத்தானே நான் கொடுத்தேன். எண்ணிக்கை ஐம்பத்து நான்கில் நின்றுவிட்டது. மசோதா விழுந்தது. அந்தப் பிரிவும் அதோடு விழுந்தது.

இதை எழுதக் கூசுகிறது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அம்மாவை நான் கொடுத்தது செல்லாமல் போனது என்ற நிம்மதி. என்னோடு அங்கி மாட்டிக்கொண்டு பேருந்தில் வந்த மூவரும் அந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள். லட்சக்கணக்கான பேர் அழுதிருப்பார்கள். நான் மூச்சு விட்டேன். அக்டோபர் நினைவுக்கு வந்ததே பிறகுதான்.

வீட்டுக்குப் போனபோது அம்மா அழுதிருந்தாள்.

"விழுந்துடுச்சாமே."

"ஆமாம்மா. அந்தப் பிரிவும் போச்சு."

"பிரிவு கிடக்கட்டும். உனக்குக் கிடைச்சிருக்கும்ல?" அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். அந்த நிம்மதி இன்னும் அங்கே மிச்சம் இருந்திருக்க வேண்டும். "உனக்கென்ன, சந்தோஷமா?"

பதில் சொல்லவில்லை. கேட்டதும் பதில் சொல்லாதது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் ரெனாட்டோ கூப்பிட்டான். கீழவையில் புதிதாக ஒரு பேச்சு தொடங்குகிறது, வர முடியுமா என்று.

"அந்தக் கடைசி வரியைச் சொல்ல மாட்டேன். சரின்னா வரேன்."

"அந்த வரி இல்லாம கதை நிக்காது பெலென்."

"நின்னா நிக்கட்டும், விழுந்தா விழட்டும்."

"உன் அனுமதி அக்டோபர்ல முடியுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவன் மறுபடி கூப்பிடவில்லை. அந்த வரியைச் சொல்லக்கூடிய பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அனுமதியைப் புதுப்பிக்க ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது என்று வக்கீல் சொன்னதால், அம்மா நீலக் கோப்பை மேசையில் பரப்பினாள். அந்த வருடத்துக்கு ஜனவரி மாதப் பள்ளிச் சம்பளச் சீட்டும் மார்ச் மாதப் பல் மருத்துவர் சீட்டும் மட்டுமே இருந்தன.

"பிப்ரவரிக்கு ஒண்ணும் இல்லியே" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அந்த செனட்டர் பேசினதை அச்சடிச்சு வெப்பாங்களாமே. தொமாசா சொன்னா. எடுத்துட்டு வர முடியுமா?"

"அது எதுக்கும்மா?"

"தேதி இருக்குல்ல?"

பள்ளி அச்சுப்பொறியில் அந்த ஒரு பக்கத்தை எடுத்து வந்தேன். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. விரலை வைத்துத் தேதியைத் தேடினாள். பிறகு என் பெயரைத் தேடினாள். அது மட்டும் எந்த மொழியிலும் அவளுக்குத் தெரியும். அதன் அடியில் விரல் நின்றது.

"என் பேரு எங்கேயாவது இருக்கா?"

"இல்லம்மா. 'கூட்டிட்டு வந்தவங்க'ன்னு மட்டும்தான்."

"நல்லது" என்றாள்.

தாளின் ஓரங்களைத் தட்டிச் சமன் செய்து, சம்பளச் சீட்டுக்கும் பல் மருத்துவர் சீட்டுக்கும் நடுவில் வைத்துக் கோப்பை மூடினாள்.