எழுதி வைத்த கற்பனை ஸ்வரம்

இசையில் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். மூன்று வருடம், ஆறு செமஸ்டர். தமிழ் உண்டு, ஆங்கிலம் உண்டு, சுற்றுச்சூழல் கல்வியும் உண்டு. எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களையும் அட்டவணை போடத் தெரிய வேண்டும். துணைக்கருவி என்று வீணையோ வயலினோ ஒன்று. வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதம். இத்தனையிலும் நான் பாஸ். மண்புழு உரம் பற்றி நான் எழுதியதை வகுப்பில் வாசித்துக்கூடக் காட்டினார்கள். கடைசி செமஸ்டர் வாய்ப்பாட்டுச் செய்முறைத் தேர்வில் மட்டும் கோட்டை விட்டேன். பாட வந்தவள் பாட்டில் பெயில் என்று ஊரில் எப்படிச் சொல்வது? "இன்னும் ஒரு பேப்பர் இருக்கு" என்று ஒரு வருடமாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கவிழ்த்தது கற்பனை ஸ்வரம். பாட்டில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் மனசில் தோன்றும் ஸ்வரங்களைக் கோத்துப் பாடி, தாளம் தப்பாமல் அந்த வரி தொடங்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த நேரத்தில் தோன்றுவது என்பதெல்லாம் புத்தகத்தில்தான். எங்கள் கல்லூரியில் பரீட்சைக்குப் போகிற எல்லோரும் எழுதி வைத்து உருப்போட்டுத்தான் பாடுவோம். பெரும்பாலும் போன வருடத்து அக்கா எழுதியது, அதற்கு முந்தைய வருடத்து அக்கா எழுதியது. அடுத்தவள் எழுதியதைப் பாட எனக்கு ரோஷம். கல்யாணி ராகத்துக்கு நானே எழுதினேன்.

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் எழுதியது அது. சும்மா உட்கார்ந்திருப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. இறங்க இரண்டு ஸ்டாப் இருக்கும்போதே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விடுவேன். "நீ எந்திரிச்சாத்தான் பஸ் போவுமாம்மா?" என்று கண்டக்டர் கேட்பார். வீட்டில் அம்மா, "கால்ல வெந்நியக் கொட்டிக்கிட்டு நிக்கிறா பாரு" என்பாள். குத்தகை நிலத்தில் விதை விட்டு, தண்ணீர் வருமா வராதா என்று ஆற்றைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவள் அவள். பொறுமையெல்லாம் அவளோடு நின்றுவிட்டது. எனக்கு ஒரு பிடிகூட வரவில்லை.

முதல் தடவை பரீட்சையில் நடந்தது இதுதான். நான் பாடப் பாட, தேர்வாளர் மேஜையில் தாளம் போட்டார். கடைசிச் சுற்று முடிந்து நான் பாட்டின் வரிக்கு வந்தேன். அவர் விரல் இன்னும் வரவில்லை. "திரும்பப் பாடும்மா" என்றார். திரும்பவும் நான் முந்திக்கொண்டேன். மூன்றாவது தடவையும் அதேதான். "பதற்றம்தான் உனக்கு எதிரி" என்று எங்கள் பேராசிரியை பிறகு சொன்னார். நானும் நம்பினேன். என்னைத் தெரிந்த எவரும் நம்பத்தான் செய்வார்கள்.

ஒரு வருடம் கழித்து, சித்திரை வெயிலில், அந்த ஒரு தேர்வுக்காக மறுபடி போனேன். என் செட்டோடு பழைய பாடத்திட்டம் முடிந்துவிட்டது, அதில் படித்தவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை எனக்காகக் காத்திருந்தது. காத்திருந்தது என்றால், பள்ளி திறக்கும் வரைக்கும். "பாஸானதுக்கு சர்டிபிகேட்டோட வாங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்" என்று தாளாளர் சொல்லியிருந்தார். அம்மா ஊர் முழுக்க நான் டீச்சராகப் போவதாகச் சொல்லியாகிவிட்டது.

என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். நான் ஒருத்திதான் பழைய ஆள், அதனால் கடைசி. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நான் மட்டும் தண்ணீர்க் குழாய்க்கும் நோட்டீஸ் போர்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "உக்காருங்கக்கா, எங்களுக்கும் பயமா வருது" என்றாள் ஒருத்தி. முதல் பெண் உள்ளே போனாள். ஜன்னல் வழியாகக் கேட்டது, கல்யாணிதான். ராகம் பாடினாள், பாட்டுப் பாடினாள், ஸ்வரம் ஆரம்பித்தாள். அது நான் எழுதியது.

பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என்னோடு பஸ்ஸில் வரும் ஜூனியர் ஒருத்தி கேட்டாள் என்று கல்லூரியை விட்டுப் போகும்போது நோட்டைக் கொடுத்திருந்தேன். அவள் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறாள். இரண்டாவது பெண்ணும் அதையே பாடினாள். கடைசிச் சுற்றில் வரிக்கு வரும்போது தடுமாறினாள். முதல் பெண்ணும் அங்கேதான் தடுமாறினாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாவதாகப் போனது நோட்டு வாங்கிய அந்த பஸ் தோழி. நல்ல சாரீரம் அவளுக்கு, என்னைவிட நிதானம். அதே இடத்தில், அதே மாதிரி, கொஞ்சம் முந்தி வந்து விழுந்தாள். "திரும்பப் பாடும்மா" என்ற குரல் கேட்டது.

பக்கத்தில் இருந்தவளிடம் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். பஸ் குலுங்கிய இடத்தில் கோணலாக ஓடும் என் கையெழுத்து. தரையில் உட்கார்ந்தேன், அன்று முதல் தடவையாக. விரல் விட்டு எண்ணினேன். கடைசிச் சுற்றுக்கு முப்பத்திரண்டு எண்ணிக்கை வர வேண்டும், முப்பத்தொன்றுதான் இருந்தது. ஒரே ஸ்வரத்தில் ஒரு எண்ணிக்கை கூடுதலாக நிற்பதற்குக் கார்வை என்று பெயர். நிஷாதத்தில், அதாவது 'நி' ஸ்வரத்தில், அந்த ஒரு கார்வையை எழுதாமல் விட்டிருக்கிறேன். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடியிருக்கிறேன். வீட்டில் பாடும்போது என் கையே தாளம் போடும், அது எனக்குத் தோதாக முந்தி விழுந்திருக்கும். வகுப்பிலும் அப்படியே தப்பித்திருக்கிறேன். பதற்றத்தால் தாளம் தப்பவில்லை. தப்பை எழுதி, உருப்போட்டு, ஊருக்கும் பந்தி வைத்திருக்கிறேன்.

என் தோழி வெளியே வந்தாள். முகம் செத்துக் கிடந்தது. "ஏன்னே தெரியலக்கா, மூணு தடவையும் விட்டுட்டேன்" என்றாள். நான் அவளைத் தாண்டிப் போனேன். மிச்சம் இருந்த எட்டுப் பேரையும் கூட்டி வைத்து, "கடைசிச் சுத்துல நிஷாதத்துல ஒன்னு நின்னுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். "உள்ள போற நேரத்துல மாத்தச் சொல்றீங்களே" என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். கையைப் பிடித்துத் தாளம் போட்டுக் காட்டினேன். என் தோழி சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை.

எட்டுப் பேரும் ஒழுங்காக வந்து சேர்ந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி என்னைக் கூப்பிட்டார்கள். இந்த முறை தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள். ராகம், பாட்டு, எல்லாம் கேட்டார். ஸ்வரத்துக்கு வந்து இரண்டு சுற்று பாடியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது வேண்டாம்மா. காலையிலேர்ந்து பதினோரு தடவை கேட்டாச்சு. அதே வரிதான், வேற பாடு."

"மேடம், இது நான் எழுதினதுங்க."

"யார் எழுதினா என்னம்மா? எழுதினதுதானே."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் சொத்தை என் கண் முன்னால் ஊரே தின்றுவிட்டு, எனக்கு மட்டும் இலை போடவில்லை என்கிற மாதிரி. எழுந்து போய்விடலாமா என்றுகூடக் கால் துடித்தது. எங்கே போவது? பள்ளிக்கூடம், அம்மா, ஊர். சுருதிப் பெட்டி அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாததால் 'க' ஸ்வரமான காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு முழுச் சுற்று அதிலேயே நின்றேன். அவர் விரல் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு மத்தியமத்தைத் தொட்டேன், திரும்பி வந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தேன். முந்திக்கொண்டு வர முடியவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தானே முந்துவதற்கு. கடைசியில் வரிக்கு வந்தபோது மேஜையில் அவர் விரலும் தொடையில் என் கையும் ஒன்றாக விழுந்தன. "போயிட்டு வாம்மா" என்றார். வெளியே வந்து குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டே அழுதேன்.

ரிசல்ட் வரும் வரை அம்மா, "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா?" என்று என்னைப் பிடித்துப் பிடித்து உட்கார வைத்தாள். பாஸ். முதல் மூவரில் என் தோழி மட்டும் பெயில்.

பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு மாலை, வாசலில் அவள் நின்றிருந்தாள். கார்வை விட்டுப்போனதை அன்றைக்கு இரவே போனில் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தேன். "நான்கூடத்தான் எண்ணிப் பாக்கலக்கா" என்று அவள் முடித்துக்கொண்டாள். இப்போது வந்தது அதற்கில்லை.

"அன்னைக்கு நீங்க உள்ள பாடுனத ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன்க்கா. அத எழுதித் தாங்க. அடுத்த வருஷம் எனக்குத் திரும்பப் பரீட்சை."

"எழுதிக்கலாம் வாடி" என்று உள்ளே கூட்டிப் போனேன். ஒரு நோட்டை எடுத்துத் தாளம் போட்டு உட்கார்ந்தேன். காந்தாரத்தில் நின்றது நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஸ்வரம்கூட வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன். அவள் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"சத்தியமா நெனப்பில்லடி" என்றேன்.

"சரிக்கா, பரவால்ல" என்று பையை மாட்டிக்கொண்டாள். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.