வெள்ளரிப் பாத்தியில் நான் தெளித்தது

அந்த வெள்ளரிக்கு நஞ்சு தெளித்தவள் நான். யோகேஸ்வரி இல்லை. காரைதீவிலிருந்து வந்த பிள்ளைகளில் எவரும் இல்லை. நிந்தவூரில், ஐந்து வேளையும் தொழுகிற வீட்டில் வளர்ந்த நான்!

இதை முதன்முதலாகக் கேட்பவர் நீங்கள்தான். என் கணவருக்கு இது தெரியாது. தெரியாமலேயே வாப்பாவும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. முஸ்லிம்களான எங்கள் ஊருக்கும் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுக்கும் இடையில் உறவு அறுந்து கிடந்த காலம். இரண்டு பக்கமும் உயிர்கள் போயிருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில்தான் எங்கள் பாடசாலையும் காரைதீவுப் பாடசாலை ஒன்றும் சேர்ந்து தோட்டம் போட்டன. எங்கள் பாடசாலைக்குப் பின்னால் குப்பை நிறைந்து கிடந்த மணற்காணி. சனிக்கிழமைகளில் அவர்கள் பஸ்ஸில் வருவார்கள். முதலில் இரண்டு கூட்டமாக நின்றோம். பொலித்தீன் பொறுக்கி, எரு சுமந்து, பாத்தி கட்டியபோது எப்போது ஒன்றாய்க் கலந்தோம் என்று தெரியவில்லை.

எல்லைக் கிராமத்திலிருந்து சண்டையில் இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் அருகில் கொட்டில் போட்டிருந்தன. விளைவது அவர்களுக்கென்று ஏற்பாடு. ஒரேயொரு கட்டுப்பாடு: பூச்சிமருந்து அடிக்கக் கூடாது.

வெள்ளரிப் பாத்தி எனக்கும் யோகேஸ்வரிக்கும். நான் குழுத் தலைவி. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாத்திக்குள் இறங்குவாள். கோபம் வந்தாலும் சிரித்துவிடுவாள். அவளுடைய அப்பா எங்கள் சந்தைக்குச் சைக்கிளில் தயிர்ச்சட்டி கொண்டு வருபவர். கலவரத்தில் மூடிக் கிடந்த வழி திறந்த உடனேயே துணிந்து வந்த முதல் ஆள் அவர்.

இலைகளை வண்டு தின்னத் தொடங்கியது. நானும் யோகேஸ்வரியும் வேப்பங்கொட்டை பொறுக்கினோம். அவள் வீட்டில் இடித்து ஊறவைத்து, போத்தலில் கரைசல் கொண்டு வந்தாள். தெளித்தோம். வண்டு குறைந்தது, போகவில்லை. தோட்டத்தைப் பார்த்துப் பாத்திக்குப் பாத்தி புள்ளி போடக் கல்வி அதிகாரிகள் வரும் நாளோ நெருங்கியது. மற்றப் பாத்திகள் பச்சையாய் நிற்க, தலைவியின் பாத்தி மட்டும் ஓட்டை விழுந்த இலைகளோடு நின்றது... எனக்கு அது தாங்கவில்லை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று சொல்ல முடிந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும்!

அதிகாரிகள் வருவதற்கு முதல் நாள் பின்னேரம், வாப்பா வயலுக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் எடுத்துப் போய்ப் பூவாளியில் கலந்து ஊற்றினேன். காய் பறிக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் கழுவுப்பட்டுப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் வண்டுகள் செத்துக் கிடந்தன. அவற்றைக் காலால் மணலுக்குள் தள்ளி மறைத்தேன்.

அதிகாரிகள் வந்தார்கள். பாத்தியைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர், முதல் விளைச்சலை இன்றைக்கே அந்தக் குடும்பங்களுக்குக் கொடுங்கள், நாங்களும் பார்க்கிறோம் என்றார். எங்கள் பாடசாலை அதிபர் உடனே எங்கள் பக்கம் திரும்பினார்.

"பறிங்க புள்ளையள்."

நான் கூடையை எடுத்து வந்து பாத்தியோரம் வைத்தேன். யோகேஸ்வரி குனிந்து ஒரு காயைப் பறித்தாள். மூக்கருகே கொண்டு போனாள்.

"என்னகா, ஒரு மாதிரி மணக்குது. நீ ஏதும் அடிச்சியா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒரு 'ஓம்' போதும். அதுகூட வேண்டாம், கூடையைத் தட்டி விழுத்தியிருக்கலாம். மயங்கி விழுவதுபோல் நடித்திருக்கலாம்...

"உன்ட வேப்பங்கரைசல்தான் மணக்குது" என்றேன்.

அவள் நம்பினாள். கூடையை அவளே தூக்கிக்கொண்டு போய், ஓடி வந்த பிள்ளைகளின் கைகளில் சிரித்துச் சிரித்துக் கொடுத்தாள். அவர்கள் கழுவவில்லை. அந்த இடத்திலேயே கடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரமாகும்போது வாந்தி தொடங்கியது. பலருக்கு அதோடு நின்றது. ஒரு சின்னப் பையனுக்கு மட்டும் வலிப்பு வந்தது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நஞ்சு என்றார்கள்.

மறுநாள் அதிபரின் அறையில் டீச்சர் என்னிடம் கேட்டார். யாராவது மருந்து அடித்தீர்களா? இல்லை என்றேன். அப்படியென்றால் பாத்திக்கு என்னதான் போட்டீர்கள்?

"யோகேஸ்வரி வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டு வந்தா டீச்சர். அதுக்குள்ள என்ன இரிக்கெண்டு எனக்குத் தெரியா."

என்ன இருக்கென்று தெரியாதாம்! அந்த வேப்பங்கொட்டைகளை அவளோடு குனிந்து பொறுக்கிய கை இது...

என் வாயிலிருந்து விழுந்த அந்தச் சொல் அறைக்குள் நிற்கவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே ஊரெல்லாம் பரவிவிட்டது. காரைதீவுப் பிள்ளை நம்முடைய பிள்ளைகளுக்கு நஞ்சு கொடுத்துவிட்டாள் என்றார்கள். திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள். அடுத்த நாள், ஒன்றும் அறியாமல் தயிர்ச்சட்டியோடு சந்தைக்கு வந்த அவளுடைய அப்பாவைப் பிடித்து அடித்தார்கள். சட்டிகளை உடைத்தார்கள். வலது கையையும் உடைத்தார்கள்.

அவர் பிறகு எங்கள் ஊருக்குள் வரவேயில்லை. அந்தப் பிள்ளைகளும் வரவில்லை. சேர்ந்து போட்ட தோட்டம் ஒரு மாரிக்குள் பற்றைக்காடாயிற்று.

பையன் பிழைத்தான். அல்ஹம்துலில்லாஹ்... சொல்கிறேன், சொல்லும்போது நா கூசுகிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன் என்பதற்காக அவனுடைய உம்மா எங்கள் வீடு தேடி வந்தாள். என் தலையைத் தடவினாள். பிறகு கையேந்தி, என் பிள்ளைக்கு இதைச் செய்தவளை அல்லாஹ் சும்மா விடக்கூடாது என்று துஆக் கேட்டாள். என் உம்மா ஆமீன் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் ஆமீன் என்றேன்!

அந்த துஆ எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அல்லாஹ்வுக்குத் தெரியாதா?

சென்ற வருடம் அக்கரைப்பற்று பஸ்ஸில் யோகேஸ்வரியைக் கண்டேன். நரைத்திருந்தாள். அவள்தான் என்னை அடையாளம் கண்டு, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். நான் அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தச் சின்னவன் இப்ப சுகமா இருக்கானா?"

சுகமாக இருக்கிறான், கல்யாணமும் முடித்துவிட்டான் என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "இடிச்ச உரலில முன்னம் ஏதும் பட்டிருந்திச்சோ, போத்தல்தான் பிழையோ எண்டு இப்பவும் யோசிப்பன். என்னாலதானே எல்லாம்..."

என் அருகில், தோளோடு தோள் உரச இருந்துகொண்டு, என் குற்றத்தை அவள் தன் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும்! அவள் என்னைச் சந்தேகப்பட்டிருப்பாள், மனதுக்குள் சபித்திருப்பாள் என்றே நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எனக்கொரு நிம்மதிகூட இருந்தது.

சொல் தொண்டைவரை வந்தது. உண்மையாகவே வந்தது...

"பழைய கதை, விடு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். தன் தரிப்பிடத்தில் இறங்கினாள். இறங்கிய பிறகு யன்னலண்டை வந்து என் கையைப் பிடித்து, விடு என்று நல்ல வார்த்தை சொன்னாய் என்றாள். பஸ் வெளிக்கிட்டது. கையை உள்ளே எடுத்துக்கொண்டேன்.