மாப்புக் கேட்க வரிப்பத்தான்சேனை வரை

கல்முனைப் பக்கம் போகிறேன் என்றால் எல்லோரும் கடலைப் பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை நான் கடலைச் சரியாகப் பார்க்கவே இல்லை. போனது ஒரு பிரசவத்துக்கு. ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய வாரம் சாய்ந்தமருதிலிருந்து றிஸ்மியா தொலைபேசி எடுத்தாள். "பிரசவ அறைக்குள்ள ஒரு பொம்புளய விடுவாங்களாம். நீ வந்து நில்லுகா" என்றாள்.

அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் நானும் அவளும் ஒரே அறை. அவளுக்கு உம்மா இல்லை. ஹாஜறா என்று ஒரு ராத்தா, அதாவது அக்கா, இருக்கிறார். ஆனால் இருவருக்கும் நாலு வருடமாகப் பேச்சில்லை. இது முதல் பிள்ளை, இரத்த அழுத்தமும் ஏறி ஏறி இறங்குகிறது. நன்றாகப் பயந்துபோயிருந்தாள். என் மகனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு மறுநாளே புறப்பட்டேன்.

திருகோணமலையிலிருந்து காலை ஆறு மணிக்குக் கல்முனைக்கு நேரடி பஸ் கிடைத்தது. 180 கிலோமீற்றர் அளவு தூரம், 720 ரூபாய், ஐந்தரை மணித்தியாலம். கடல் தெரியும் என்று இடது பக்க ஜன்னலுக்கு அடிபடாதீர்கள். கடல் எப்போதாவதுதான் தெரியும், வெயில் எப்போதும் தெரியும். மட்டக்களப்பில் இருபது நிமிடம் நிற்பார்கள். கழிவறைக்குப் போகிறவர்கள் அங்கேயே போய்விடுங்கள். பாண்டிருப்பு வந்ததும் பையைக் கையில் எடுங்கள், அடுத்தது கல்முனைதான். அங்கிருந்து சாய்ந்தமருதுக்கு ஓட்டோவில் 350 ரூபாய் கொடுத்தேன். முந்நூறுக்கு முடித்திருக்கலாம் என்று றிஸ்மியா வாசலிலேயே திட்டினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது, வாய் மட்டும் பழையபடிதான்.

வீட்டில் இன்னொருவர் இருந்தார். ஸல்மா ராத்தா, நாற்பத்தைந்து வயதிருக்கும். வெளிநாடுகளில் டூலா என்று சொல்கிற வேலையை இங்கே செய்பவர். ஊரில் "துணைக்கு வாற ராத்தா" என்றுதான் பெயர். பிள்ளை எடுப்பதும் மருந்து கொடுப்பதும் அவர் வேலையல்ல. ஐந்தாம் மாதத்திலிருந்து வீட்டுக்கு வருகிறார், கிளினிக்குக்குக் கூடப் போகிறார். டொக்டர் சொன்னதை வீட்டிலுள்ள மாமிமாருக்கு விளங்கப்படுத்துவார். மாமிமார் சொல்வதில் ஆபத்தில்லாததை ஆஸ்பத்திரிக்கு விளங்கப்படுத்துவார். வலி நேரத்தில் என்ன துஆ ஓதலாம், தலையை எப்படி மூடினால் தாதிமாருக்கு இடைஞ்சல் இல்லை, பிள்ளையின் காதில் வாப்பா பாங்கு சொல்ல வார்டில் எந்த நேரம் விடுவார்கள், எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். நான் என் மகனைப் பெற்றபோது இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமைதான், வேறென்ன.

இந்த ஊர்களில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கர்ப்பிணி எல்லோரிடமும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பாள். சொந்தம், அயல், சண்டை பிடித்தவர்கள், ஒருவரையும் விடுவதில்லை. "ஏதும் பிழ செஞ்சிருந்தா பொருந்திக்கங்க" என்பாள். "பொருந்திட்டன்" என்று அவர்கள் சொல்ல வேண்டும். போன இடத்தில் மவுத்தானால், இறந்துபோனால், யாருடைய மனக்குறையும் கூடப் போகக்கூடாது என்பது எண்ணம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் இப்படிக் கேட்பதுண்டு. மனம் இலேசானால் வலியைத் தாங்கலாம் என்று ஸல்மா ராத்தா இதை எட்டாம் மாதத்திலேயே தொடங்கி வைத்துவிடுவார். றிஸ்மியா எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டாள், ஹாஜறா ராத்தா ஒருவரைத் தவிர.

சண்டைக்குக் காரணம் ஒரு குசினி, வெறும் சமையலறை. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். உம்மாவின் வீடு மூத்தவருக்குச் சேர வேண்டியது. ஆனால் றிஸ்மியாவுக்கு மாப்பிள்ளை பொருந்தி வந்தபோது இரண்டாவது வீடு கட்ட வழியில்லை. ஹாஜறா ராத்தா வீட்டைத் தங்கைக்கு விட்டுவிட்டு, கணவரின் ஊரான வரிப்பத்தான்சேனைக்குக் குடிபோனார். ஊரில் மூத்த பெண்கள் யாரும் இலேசில் செய்யாத காரியம். கல்யாணமாகிச் சில மாதத்தில் றிஸ்மியா உம்மாவின் பழைய குசினியை இடித்துப் புதிதாகக் கட்டினாள். ராத்தாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பெருநாளைக்கு வந்த ராத்தா முற்றத்தில் நின்று பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

றிஸ்மியாவை அசைய வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். போனில் கேட்க அவளுக்குத் துணிவில்லை. எனக்கு ஒரு வியாதி இருக்கிறது, இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் நடுவில் போய் நிற்பேன். "நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன். ஸல்மா ராத்தா என்னை ஒரு தடவை பார்த்தார். "போங்க டீச்சர். ஆனா இது ஆள் விட்டு எடுக்கிற சாமான் இல்ல" என்றார். இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரைதீவில் திரும்பி, சம்மாந்துறை வழியாக இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு. ஓட்டோ போகவும் வரவும், அங்கே காத்து நிற்கவும் சேர்த்து 3,500 ரூபாய். சிறுபோக அறுவடைக் காலம் என்பதால் பாதித் தாரில் நெல் காய்ந்தது, மீதிப் பாதியில் நாங்கள் போனோம்.

"வரிப்பத்தான்சேனையில ஆருட ஊட்டுக்கு?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"சிநேகிதியின்ட ராத்தா வீட்டுக்கு. மாப்புக் கேக்கப் போறன்."

"நீங்க என்ன பிழ செஞ்ச?"

"நான் இல்ல, சிநேகிதிக்காக."

"அவ வரல்லயா?"

"இல்ல."

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஹாஜறா ராத்தா முற்றத்தில் பாய் விரித்து நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீரும் ரொட்டியும் வைத்தார். பிரஷர் எவ்வளவு, கால் வீக்கம் முழங்கால்வரை வந்துவிட்டதா, எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே போனார். பேசாத தங்கையைப் பற்றி இவ்வளவு கேட்கிறாரே, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "மாப்பையும் ஆள் விட்டா கேக்கா?"

"அவளுக்கு வர ஏலாது ராத்தா."

"தெரியும். வந்தாலும் குடுக்க மாட்டன். போய்ச் சொல்லுங்க."

மீதி ரொட்டியை வைத்துவிட்டு எழும்பினேன். திரும்பும் வழியில் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் றிஸ்மியா என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, "ராத்தா பொருந்தாம நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டன்" என்றாள். மறுநாள் காலை கட்டாயம் வந்து அனுமதியாக வேண்டும், அழுத்தம் கூடினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் கணவர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் போகாமல் இருந்திருந்தால் இந்தப் பிடிவாதம் வந்திருக்காது. அந்த நினைப்பு என்னைப் பிடுங்கித் தின்றது.

ஸல்மா ராத்தா என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. போனை எடுத்து ஹாஜறா ராத்தாவுக்குப் பேசினார். "நாளைக்கு ஒம்பது மணிக்குப் புள்ளயக் கூட்டிப் போகணும். போக மாட்டன் எண்டு படுத்திரிக்கா. சொல்லிட்டன்" என்றார். வைத்துவிட்டார். மாப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஹாஜறா ராத்தா கணவரின் பின்னால் இருந்து இறங்கினார், கையில் ஒரு பன்கூடை. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள்வரை கறி காய்ச்சுகிற சரக்கு அதில் இருந்தது. புதுக் குசினிக்குள் நேராகப் போய்க் கூடையை வைத்தார். சுற்றிப் பார்த்ததாகவே தெரியவில்லை. அறைக்கு வந்து தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ராத்தா, பொருந்திக்கங்க" என்றாள் றிஸ்மியா.

"மாட்டன்."

"நான் சொல்லாம இடிச்சது பிழதான். அல்லாவுக்காகப் பொருந்திக்கங்க."

"குசினிய உடு. உம்மா தம்பியப் பெறப் போகக்குள்ள என்னட்டயும் மாப்புக் கேட்டா. எனக்குப் பன்னண்டு வயசு, நீ சின்னப் புள்ள. 'பொருந்திட்டன் உம்மா' எண்டு நான் பெரிய மனிசி மாதிரிச் சொன்ன. உம்மாவும் வரல்ல, தம்பியும் வரல்ல." அவர் குரல் உடையவில்லை, கை மட்டும் அந்தக் காலைத் தடவிக்கொண்டே இருந்தது. "உனக்குத் தர மாட்டன். புள்ளயத் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்து கேளு. இப்ப எழும்பு."

மாப்பு வாங்கி மனதை இலேசாக்கச் சொல்லிக் கொடுக்கும் ஸல்மா ராத்தாவே பையைத் தூக்கினார். றிஸ்மியா எழும்பினாள்.

துணைக்கு யார் என்று வார்டில் கேட்டபோது நானே பின்னால் தள்ளி நின்றேன். இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு சின்ன மனவருத்தம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஹாஜறா ராத்தா உள்ளே போனார். நானும் ஸல்மா ராத்தாவும் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். "எல்லாரோடயும் நீங்க உள்ள போவீங்களா?" என்று கேட்டேன். "உள்ளுக்குப் போற ஆளக் கண்டுபுடிக்கிறதுதான் பாதி வேல. ஆருமில்லாத புள்ளையளுக்கு நான் போவன்" என்றார்.

மறுநாள் பின்னேரம் பெண் குழந்தை பிறந்தது. வெளியே வந்த ஹாஜறா ராத்தாவின் புறங்கையில் நகம் பதிந்து சிவந்திருந்தது. "ரெண்டு பேரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார். பார்வையாளர் நேரத்தில் வாப்பா பிள்ளையின் வலது காதில் பாங்கு சொன்னார். ஏற்கெனவே பேசி வைத்திருந்ததால் தாதி ஒருவர் திரையை இழுத்து விட்டார்.

இதே காரியமாக இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பிரசவ அறைக்குள் துணை விடுவது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும். கிளினிக்கில் முன்னமே கேட்டு, வருகிறவரின் பெயரையும் சொல்லி வையுங்கள். துணைக்கு வரும் பெண்களைப் பற்றிக் கிளினிக்குக்கு வரும் தாய்மாரிடம் விசாரித்தால் போதும். வெள்ளிக்கிழமை மதியம் கல்முனையில் கடைகள் பூட்டிக் கிடக்கும், சாப்பாட்டை முன்கூட்டியே பாருங்கள். தலையை மூட ஒரு சால்வை வைத்திருங்கள். என்னைப் போல மாப்பு வாங்கிவர மட்டும் ஓட்டோ பிடிக்காதீர்கள். ஓட்டோவைக் கேட்கிறவருக்கு அனுப்புங்கள், அல்லது கொடுக்க வேண்டியவருக்கு அனுப்புங்கள். துணை என்றால் வலி நேரத்தில் முதுகு தடவி விடுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று அவளைவிடப் பிடிவாதமாக நிற்கிற ஒருவர் கூட இருப்பது என்று இப்போது நினைக்கிறேன்.

நான் புறப்பட்ட காலையில் றிஸ்மியா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். ஹாஜறா ராத்தா புதுக் குசினியில் பால்சுறா மீன் கறிக்குச் சரக்கு அரைத்துக்கொண்டு, அடுப்பைத் தப்பான பக்கம் வைத்துக் கட்டியிருக்கிறாள் என்று ஏசிக்கொண்டிருந்தார். றிஸ்மியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"ராத்தா, ஊட்டுக்கு வந்திட்டன். இப்ப பொருந்திக்கங்க."

ராத்தா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாப்பது நாளும் கழியட்டும், பாப்பம்" என்றார்.